விழாவுக்குப் பின் எவ்வழி? ஜமைக்கா நாட்டின் கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டம்: ஒரு திறனாய்வு

கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நெருங்கும்போதெல்லாம் நம் பிரசங்க பீடங்களிலிருந்து ஒலிக்கும் குறை ஒன்றுண்டு. ஆலயத்திற்குள் நடைபெறுவதே மெய்யான பண்டிகை; தெருவில் நடைபெறும் ஆட்டமும் பாட்டும் கடைவீதிக் கூட்டமும் உலகத்தாரின் பண்டிகை; முன்னதைக் காத்துப் பின்னதைக் கண்டிப்பது ஆயரின் கடமை என்பதே அக்குறையின் சாரம். இவ்வாறு கோடு கிழித்துக்கொள்வது எளிது. ஆயின் அக்கோடு வேதத்திற்கும் வரலாற்றுக்கும் எந்த அளவுக்கு ஒத்தது என்பதை ஆராய்ந்த பின்னரே அதன்மேல் நின்று போதிக்கலாம்.

இவ்வாராய்ச்சிக்குக் கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காவின் பண்டிகையை எடுத்துக்கொள்வோம். தம் ஊர்ப் பழக்கத்தை ஆராய்வோர் பாசத்தாலோ வெறுப்பாலோ நடுநிலை தவறுவது இயல்பு. தொலைநாட்டுப் பழக்கத்தை நோக்கும்போது அவ்விடர் குறைகிறது. மேலும், பண்டிகை யாருடையது, அது யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கு மனித உயிர்களே விலையாகக் கொடுக்கப்பட்ட நாடு அது. ஆகவே அந்நாட்டு வரலாறு நமக்கு வெறும் செய்தியாக மட்டும் இராது.

1. பண்டிகையின் தோற்றம்

1494இல் கொலம்பஸ் அத்தீவை அடைந்தார். 1655இல் ஆங்கிலேயர் அதனை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் பெருகின. இன்றைய ஜமைக்கர்களில் மிகப் பெரும்பான்மையோர் அவ்வடிமைகளின் வழித்தோன்றல்கள். 1962இல் நாடு விடுதலை பெற்றது.

டிசம்பர் மாதம் வடகிழக்கிலிருந்து வீசும் குளிர்ந்த காற்றை அம்மக்கள் கிறிஸ்துமஸ் காற்று என்றே அழைக்கின்றனர். பண்டிகைக்கு முந்தின இரவில் கிங்ஸ்டனிலும் பிற நகரங்களிலும் பெருஞ்சந்தை கூடும். குழந்தைகள் புத்தாடை உடுத்திப் பெற்றோருடன் விளையாட்டுப் பொருள் வாங்க வருவர். விடியும்வரை வணிகம் நடைபெறும். அதே விடியற்காலையில் ஆலயங்களில் அதிகாலை ஆராதனை நடைபெறும். சந்தையில் விழித்திருந்தோர் பலர் நேராக ஆலயத்திற்கு வருவதுண்டு. தெருவுக்கும் ஆலயத்திற்கும் இடையே நாம் கிழிக்கும் கோட்டை அவர்களுடைய கால்கள் அறியா எனலாம்.

உணவும் ஒரு வரலாற்றைப் பேசுகிறது. நம் புளிச்சக் கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் செந்நிறப் புல்லிகளை இஞ்சியுடன் ஊறவைத்து வடித்த பானமே அப்பண்டிகையின் பானம். அது மேற்கு ஆப்பிரிக்க மரபு. தேங்காய்ப்பாலில் அரிசியுடன் வேகும் பருப்போ நம் துவரையே. இந்தியாவில் பயிராகத் தொடங்கி, ஆப்பிரிக்கா சென்று, அடிமை வாணிபத்தின் வழியாக அத்தீவை அடைந்த துவரை டிசம்பரில் காய்த்து முற்றுவதால் பண்டிகை உணவாயிற்று. உலர்ந்த திராட்சையையும் பிற கனிகளையும் மதுவில் ஊறவைத்துச் செய்யும் கேக் ஆங்கிலேயர் தந்தது. ஆட்டிறைச்சிக் கறி ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் தந்தது. அடிமையும் எஜமானும் கூலியும் ஒரே மேசையில் இடம்பெற்றுள்ளனர். இது ஒப்புரவின் அடையாளமா, மறதியின் அடையாளமா என்பதே நம் திறனாய்வின் முதற்கேள்வி. விடை காண நாம் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

2. எஜமானர் அளித்த ஓய்வு

அடிமைக் காலத்தில் கிறிஸ்துமஸை ஒட்டி ஏறத்தாழ மூன்று நாட்கள் ஓய்வளிப்பது தோட்டங்களின் வழக்கம். உப்பிட்ட இறைச்சி, ரம், துணி முதலியன பங்கிடப்பட்டன. எஜமானரின் பெரிய வீட்டு முற்றத்திற்கு வந்து ஆடவும் பாடவும் அடிமைகளுக்கு அனுமதி இருந்தது. இதனைக் கண்டெழுதிய வெள்ளையர் சிலர், அடிமைகள் மகிழ்ச்சியாகவே வாழ்கின்றனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டினர்.

ஆனால் அந்த எஜமானர்களே பண்டிகை நாட்களில்தான் மிகவும் அஞ்சினர். மேற்கிந்தியத் தீவுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடிப்படையை ஆயத்தமாக நிறுத்திவைப்பது வழக்கமாயிருந்தது. மக்கள் கூடுவதற்கும், ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குச் செல்வதற்கும், பேசிக்கொள்வதற்கும் வாய்ப்புள்ள நாட்கள் அவையே. தானம் கொடுக்கும் கை துப்பாக்கியையும் பற்றியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அளிக்கப்பட்ட ஓய்வு அடிமைகளின் கிளர்ச்சி உணர்வைத் தணிப்பதற்கான கருவி என்று கூறினார். நீராவி மிகும்போது கொப்பரை வெடிக்காதபடி சிறிது திறந்துவிடுவது போன்றது அது. அவர் கூறியது வேறொரு நாட்டைப் பற்றியதே ஆயினும், ஜமைக்காவின் தோட்ட முறைக்கும் அது பொருந்துகிறது.

இங்கு இறையியல் நோக்கில் ஒன்று கவனிக்கற்பாலது. இவ்வகைப் பண்டிகை, வேலைக்குத் திரும்புவதற்காகவே கொடுக்கப்படுகிறது. மூன்று நாட்கள் ஆடிய அடிமை நான்காம் நாள் கரும்புக் காட்டிற்குக் கீழ்ப்படிதலோடு திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். நற்செய்தி நூல்களிலும் பிறப்பு நிகழ்ச்சி திரும்பிச் செல்வதில்தான் முடிகிறது. மேய்ப்பர் தேவனை மகிமைப்படுத்திக்கொண்டு தம் மந்தைக்குத் திரும்பினர் (லூக். 2:20). சாஸ்திரிகளோ ஏரோதினிடத்தில் திரும்பாமல் வேறு வழியாய்த் தம் தேசத்திற்குச் சென்றனர் (மத். 2:12). பாலனைக் கண்டபின் எவ்வழியாக, யாரிடம் திரும்புவது? இக்கேள்வியை எழுப்பாத கொண்டாட்டம் எத்துணைப் பக்தியுடையதாயினும் ஏரோதுக்கு இடையூறு செய்வதில்லை.

3. முகமூடியின் மொழி

அடிமைகளின் பண்டிகை ஆட்டத்திற்கு ஜான்கனூ என்று பெயர். 1687இல் ஜமைக்கா வந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், ஆப்பிரிக்கர் தம் விழாக்களில் மாட்டு வாலைக் கட்டிக்கொண்டு ஆடியதைக் குறித்துள்ளார். 1774இல் ஜமைக்காவின் வரலாற்றை வெளியிட்ட எட்வர்ட் லாங், கிறிஸ்துமஸ் காலத்தில் கொம்புகள் பொருத்திய முகமூடியணிந்து, மரவாளுடன் ஆடிய ஆட்டத்தையும் அதன் பெயரையும் பதிவு செய்தார். கினி கடற்கரையில் வாழ்ந்த ஜான் கோனி என்னும் தலைவனின் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. 1837, 1838 ஆகிய ஆண்டுகளில் ஐசக் மென்டிஸ் பெலிசாரியோ என்னும் ஜமைக்க ஓவியர் இவ்வாட்டக்காரரின் உருவங்களைக் கல்லச்சில் வெளியிட்டார். அவை இன்றும் அந்நாட்டுக் கலைச்செல்வமாகப் போற்றப்படுகின்றன.

பசுத்தலை, குதிரைத்தலை, அரசன், அரசி, பிசாசு, கந்தல் துணிகளாலேயே உடலை மூடிய ஒருவன், கர்ப்பிணிப் பெண்ணாக வேடமிட்ட ஆண் எனப் பல பாத்திரங்கள் குழலுக்கும் பறைக்கும் ஏற்ப ஆடுகின்றனர். முகத்தை மூடியவர் பேசுவதில்லை. பேச உரிமையற்றோரின் கலையில் உடலே பேச்சாகிறது.

மாத்யு லூயிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், தமக்கு உரிமையான தோட்டங்களைப் பார்வையிட 1816 புத்தாண்டு நாளில் பிளாக் ரிவர் துறைமுகத்தை அடைந்தார். அங்குக் கண்ட ஜான்கனூ ஆட்டக்காரன் தலைமேல் அட்டையாலான வீடு போன்ற ஒரு படகைத் தாங்கி ஆடினான். அதனுள் பொம்மைகள் இருந்தன. சில மாலுமிகள், சில போர்வீரர், வேறு சில தோட்டத்தில் வேலை செய்யும் அடிமைகள் என்று தம் நாட்குறிப்பில் அவர் எழுதியுள்ளார். லூயிஸுக்கு அது கண்ணுக்கினிய வேடிக்கை. நமக்கோ அது அவ்வாறு தோன்றவில்லை. கடல் கடத்திய மாலுமி, காவல் நிற்கும் போர்வீரன், உழைத்துத் தேயும் அடிமை ஆகிய மூவரையும் ஒரே படகில் அமர்த்தி, அப்பாரம் முழுவதையும் ஓர் அடிமை தன் தலையில் சுமந்து, எஜமானன் முன் ஆடுகிறான். அத்தீவின் சமூக அமைப்பை இதைவிடச் சுருக்கமாகக் கூறிய நூல் உண்டா என்பது ஐயமே.

சில்வியா வின்டர் என்னும் ஜமைக்க அறிஞர் 1970இல் எழுதிய கட்டுரையில், வேரோடு பிடுங்கப்பட்ட மக்கள் அந்நிய மண்ணைத் தமதாக்கிக்கொண்ட பண்பாட்டு இயக்கமாக ஜான்கனூவை விளக்கினார். அவர் கருத்தை நாம் பெரிதும் ஏற்கிறோம். ஆயினும் ஒரு வரையறை தேவை. ஜான்கனூ அடிமையின் மானத்தைக் காத்தது. ஆனால் அவன் நிலையை மாற்றவில்லை. லூயிஸ் மகிழ்ந்து காசு கொடுக்கக்கூடிய அளவிலேயே அந்த ஆட்டம் நின்றது. முகமூடிக்குள் இருந்த உண்மை முகமூடியைக் கழற்றி வெளியே வருவதற்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. அச்சொல்லை அடிமைகள் எங்கே கண்டடைந்தனர்?

4. வேலைக்குத் திரும்ப மறுத்த பண்டிகை

ஜமைக்காவில் பாப்திஸ்து சபையின் தொடக்கம் ஆங்கில மிஷனெரிகளால் ஆனதன்று. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜார்ஜ் லைல் 1783 அளவில் கிங்ஸ்டன் வந்து நற்செய்தி அறிவித்தார். 1814இல்தான் ஆங்கில பாப்திஸ்து சங்கத்தின் முதல் மிஷனெரி வந்தார். எனவே, தம்மைப் போன்ற ஒருவரின் வாயிலிருந்தே அவ்வடிமைகள் நற்செய்தியை முதலில் கேட்டனர்.

மான்டிகோ பே நகரில் மிஷனெரி தாமஸ் பர்ச்செல் நடத்திய சபையில் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை உதவிக்காரராகப் பணியாற்றினார். அவர் வாசிக்கக் கற்றவர். ஒருவன் இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய இயலாது என்ற ஆண்டவரின் போதனையை (மத். 6:24) அவர் தம் நிலையோடு பொருத்திப் பார்த்தார். இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புப் பற்றி நடந்த விவாதங்களைச் செய்தித்தாள்களில் படித்தார். ஜெபக்கூட்டங்களின் முடிவில் நம்பிக்கைக்குரியோரைக் கூட்டி, கிறிஸ்துமஸ் ஓய்வு முடிந்தபின் கூலி கொடுத்தாலன்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்று வேதத்தின்மேல் உறுதிமொழி வாங்கினார். எஜமானர் தாக்கினால் எதிர்த்துப் போரிடவும் சிலர் ஆயத்தமாயினர்.

1831ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. செவ்வாய்க்கிழமை 27ஆம் நாள் இரவில் கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றி எரிந்தது. குன்றின்மேல் எழுந்த அத்தீ மற்ற தோட்டங்களுக்கு அடையாளமாயிற்று. அடுத்த நாள் டிசம்பர் 28, ஏரோதினால் கொல்லப்பட்ட மாசற்ற பாலகரைத் திருச்சபை நினைவுகூரும் நாள். தீவின் மேற்குப் பகுதியில் பரவிய கிளர்ச்சியில் 60,000 பேர் வரை ஈடுபட்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. வெள்ளையர் 14 பேர் மாண்டனர். கிளர்ச்சியை அடக்கியபோது ஏறத்தாழ 200 அடிமைகள் கொல்லப்பட்டனர்; விசாரணை என்ற பெயரில் 300க்கும் மேற்பட்டோர் கொலைத்தண்டனை பெற்றனர். சாமுவேல் ஷார்ப் 1832 மே 23ஆம் நாள் மான்டிகோ பே சந்தைவெளியில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வரலாற்றை நாம் மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. தீ வைத்தலும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன. வேலைநிறுத்தமாகத் திட்டமிட்டது ஷார்ப்பின் கைமீறிச் சென்றது. சிறையில் அவரைப் பலமுறை சந்தித்த மெதடிஸ்டு மிஷனெரி ஹென்றி பிளெபி, அவருடைய பேச்சாற்றலையும் பக்தியையும் வியந்து எழுதியுள்ளார். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையை இருபுறமும் வைத்து நோக்கின், எவ்வன்முறை பெரிது என்பதில் ஐயமெழாது. ராமாவின் புலம்பல் (மத். 2:18) எந்தத் தாய்மாரிடமிருந்து எழுந்தது என்பதும் தெளிவு.

5. போதகரும் உதவிக்காரரும்

இவ்விடத்தில் போதகப் பணியிலுள்ள நாமும், அப்பணிக்குப் பயிற்சி பெறுவோரும் நிதானித்து நோக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதே டிசம்பர் 27ஆம் நாளன்று சால்ட்டர்ஸ் ஹில் என்னுமிடத்தில் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. மிஷனெரி வில்லியம் நிப் பிரசங்கித்தார். அரசர் விடுதலை அளித்துவிட்டார் என்ற செய்தி பொய்யானது என்றும், வேலைக்குத் திரும்பவேண்டும் என்றும் அவர் சபையாரை மன்றாடினார். கேட்டோர் மனம் கசந்தனர். அன்றிரவே தீ எழுந்தது.

நிப் அடிமை முறையை ஆதரித்தவரல்லர். சபையார் கொன்று குவிக்கப்படுவர் என்றஞ்சியே அவர் அவ்வாறு பேசினார். அவர் அஞ்சியவாறே நடந்தது. ஆயினும் அந்த ஆலயத்தில் பண்டிகையின் பொருளை எடுத்துரைத்தவர் யார்? பீடத்தில் நின்ற போதகர், மேய்ப்பரைப்போல் திரும்புங்கள் என்ற பொருள்பட உரைத்தார். ஜெபக்கூட்டத்தில் இருந்த உதவிக்காரரோ, சாஸ்திரிகளைப்போல் வேறு வழியாய்ச் செல்லுங்கள் என்ற பொருள்பட முன்னமே உரைத்திருந்தார். ஒரே வேதம், ஒரே சபை, ஒரே பண்டிகை, விளக்கமோ இரண்டு. பட்டம் பெற்றவரின் விளக்கத்தினும் கூலியற்றவரின் விளக்கம் மரியாளின் பாட்டுக்கு (லூக். 1:51-53) அணுக்கமாக நின்றது.

தோட்ட உரிமையாளருக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. அவர்கள் 1832 தொடக்கத்தில் ஓர் அமைப்பாகத் திரண்டு பாப்திஸ்து, மெதடிஸ்டு ஆலயங்கள் பலவற்றை இடித்தும் எரித்தும் அழித்தனர். நிப், பர்ச்செல் ஆகிய இருவரும் கைது செய்யப்பட்டனர். அமைதியைப் போதித்த ஆலயமும் எரிந்தது. அதன்பின் நிப் இங்கிலாந்து சென்று, நாடாளுமன்றக் குழுக்களின் முன் அடிமை முறைக்கு எதிராகச் சாட்சி கூறினார், பொதுக்கூட்டங்களில் முழங்கினார். 1833இல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1834 ஆகஸ்டு 1இல் நடைமுறைக்கு வந்தது. 1838 ஆகஸ்டு 1இல் முழு விடுதலை கிடைத்தது. போதகர் தம் சபையாரின் விளக்கத்திற்கு மனம் திரும்பினார் என்று கூறினால் அது மிகையாகாது.

1838 ஜூலை 31 இரவில் பால்மத் நகரில் நிப்பின் சபையார் ஒரு சவப்பெட்டியில் சங்கிலியையும் சாட்டையையும் வைத்து அடக்கம் செய்தனர். ஆட்டமும் வேடமும் ஆலயத்திற்கு ஒவ்வா என்று கூறிவந்த திருச்சபையே, காலம் வந்தபோது தானும் ஒரு மாபெரும் கூத்தை நடத்தியது! ஜான்கனூ தலையில் சுமந்து காட்டிய தோட்டத்தை இச்சபை மண்ணில் புதைத்துக் காட்டியது. தெருவின் கலையும் ஆலயத்தின் சொல்லும் அன்றிரவு ஒன்றையொன்று சந்தித்தன எனலாம். ஆனால் அச்சந்திப்பு நீடிக்கவில்லை.

6. விடுதலைக்குப் பின் வந்த மறதி

விடுதலை பெற்ற மக்கள் ஜான்கனூ ஆடுவதை நகரத் தலைவர்களும் மிஷனெரிகளும் விரும்பவில்லை. பறையொலி அஞ்ஞானத்தின் ஒலியென்றும், முகமூடி ஒழுக்கக்கேடென்றும் கருதப்பட்டன. 1841இல் கிங்ஸ்டனில் அவ்வாட்டம் தடை செய்யப்பட்டபோது கலவரம் மூண்டது. விடுதலைக்காக உழைத்த திருச்சபை, விடுதலை பெற்றோரின் கலையை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இதன் விளைவாக ஆலயத்தில் ஆங்கிலேயரின் பனிக்காலப் பாடல்கள் நிலைபெற்றன. பனியையே காணாத தீவில் தலைமுறை தலைமுறையாகப் பனியைக் குறித்துப் பாடினர். ஆட்டமோ சிற்றூர்களுக்கு ஒதுங்கியது. 1951இல் ஒரு நாளிதழ் நடத்திய போட்டியால் ஜான்கனூ மீண்டும் புகழ் பெற்றது. இன்று அது நாட்டு விழாக்களிலும் சுற்றுலா விடுதிகளின் முற்றங்களிலும் ஆடப்படுகிறது. முன்பு எஜமானன் அமர்ந்த இடத்தில் இப்போது விருந்தினர் அமர்ந்துள்ளனர். காசு கொடுத்துக் களிப்போர் முன்னிலையில் மானம் காக்கும் கலை எவ்வளவு காலம் மானத்தோடு நிற்கும் என்பது ஜமைக்கர்கள் தாமே கேட்கவேண்டிய கேள்வி; ஆயினும் நம் கவலையைத் தெரிவிப்பதில் தவறில்லை.

மற்றொரு புறத்தில் நம்பிக்கை தரும் செய்திகளும் உள. நோயல் டெக்ஸ்டர் (1938-2019) போன்ற இசையறிஞர் நாட்டுப்புறத் தாளத்தில் சபைப் பாடல்களை அமைத்தனர். 1966இல் கிங்ஸ்டனில் நிறுவப்பட்ட மேற்கிந்திய ஐக்கிய இறையியல் கல்லூரி, கரீபிய மண்ணுக்குரிய இறையியலை வளர்க்க உதவியது. மேற்கிந்திய வேதாகமச் சங்கம் 2010இல் லூக்கா நற்செய்தியையும், 2012இல் புதிய ஏற்பாடு முழுவதையும் ஜமைக்க மக்களின் பேச்சு மொழியில் வெளியிட்டது. அப்போது எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. கொச்சைமொழி வேதத்தின் மாண்புக்கு ஒவ்வாது என்றும், ஆங்கிலக் கல்வி கெடும் என்றும் பலர் வாதிட்டனர். முன்னணையில் பிறந்தவரின் செய்தி சந்தைத் தெருவின் மொழியில் ஒலிக்கத் தகாது என்று கூறுவோர் எந்த அவதாரத்தை விசுவாசிக்கின்றனர் என்று நாம் கேட்கவேண்டியுள்ளது. மேய்ப்பருக்குத் தூதன் அறிவித்த செய்தி அவர்களுக்குப் புரிந்த மொழியிலேயே அறிவிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. புரிந்தமையாற்றான் அவர்கள் விரைந்து சென்றனர்.

சாமுவேல் ஷார்ப் 1975இல் ஜமைக்காவின் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். மான்டிகோ பே நகரின் நடுச் சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் சிலையாகவும் விடுமுறைப் பாடமாகவும் போற்றப்படுவது நன்றே. ஆனால் அவருடைய நினைவுக்கு உரிய இடம் கிறிஸ்து பிறப்பின் ஆராதனையே என்பது நம் கருத்து. அவர் அப்பண்டிகையைக் கெடுத்தவரல்லர். அதன் பொருளைத் தம் உயிரால் விளக்கியவர். அவரை வரலாற்று நூலுக்கு அனுப்பிவிட்டு, கேக்கையும் பானத்தையும் மட்டும் பண்டிகையில் வைத்துக்கொண்டால், நாம் முன்னர்க் கூறிய மேசை ஒப்புரவின் மேசையாகாது. கேள்வி கேட்டவனை எழுப்பிவிட்டு மற்றவர் உண்ணும் மேசையாகவே அது அமையும். முதற்கேள்விக்கு நம் விடை இதுவே.

7. நமக்குரிய பாடம்

ஜமைக்காவின் கதை நம்மவரைத் தொடாமல் முடிவதில்லை. விடுதலை பெற்றோர் தோட்ட உரிமையாளர் கொடுத்த குறைந்த கூலிக்குத் திரும்ப மறுத்தனர். பாப்திஸ்து மிஷனெரி ஜேம்ஸ் பிலிப்போ 1835இலேயே நிலம் வாங்கி ஸ்லைகோவில் என்னும் சுதந்திரக் கிராமத்தை அமைத்தார். இத்தகைய கிராமங்கள் பெருகின. ஏரோதினிடத்தில் திரும்பாதவர்களுக்கு வேறு வழியைத் திருச்சபை திறந்துவிட்ட நற்செயல் அது. அப்போது உரிமையாளர் இந்தியாவை நோக்கினர். 1845 மே 10இல் முதற்கப்பல் ஓல்ட் ஹார்பர் பே துறையை அடைந்தது. 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். பெரும்பான்மையோர் வட இந்தியர். சென்னையிலிருந்து கப்பலேறியவரும் அவர்களில் இருந்தனர். அடிமை விட்டகன்ற வரப்பில் நம் நாட்டார் கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர். ஒருவரின் விடுதலையை மற்றவரின் வறுமையைக் கொண்டு மலிவாக்கும் வழியை ஏரோது எக்காலத்தும் அறிவான்.

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் மூன்று முடிவுகளுக்கு வருகிறோம்.

முதலாவது, ஆலயம் தூயது, தெரு உலகத்திற்குரியது என்ற கோடு ஜமைக்காவில் பொருந்தவில்லை. தெருவின் முகமூடியில் உண்மை இருந்தது; ஆலயப் பீடத்தில் அச்சம் இருந்தது; ஆலயத்தின் பின்வரிசையில் தீர்க்கதரிசனம் இருந்தது. நம் சபைகளிலும் எந்த வாத்தியம் பீடத்தருகே வரலாம், எது சாவு வீட்டோடு நிற்கவேண்டும் என்று தீர்த்தபோது, நாம் சுவிசேஷத்தைக் கொண்டு தீர்த்தோமா, சாதியைக் கொண்டு தீர்த்தோமா என்று ஆராய்வது நலம்.

இரண்டாவது, பண்டிகைத் தானம் கூலிக்கு ஈடாகாது. புத்தாடையும் பலகாரமும் ஏழைக்கு வழங்குவது நல்லதே. ஆனால் ஆண்டின் மற்ற நாட்களில் அவருக்குரிய கூலியைக் குறைப்போர் பண்டிகையன்று வழங்கும் ஆடை, ஜமைக்கத் தோட்டங்களில் பங்கிடப்பட்ட துணியின் மறுபதிப்பேயாகும். நம் நிறுவனங்களில் துப்புரவு செய்வோர், நம் ஆலயங்களில் மணியடித்து விளக்கேற்றுவோர், நம் பள்ளிகளில் நிரந்தரமின்றிப் பணிபுரிவோர் ஆகியோரின் ஊதியம் கிறிஸ்து பிறப்புப் பிரசங்கத்திற்குப் புறம்பான பொருளன்று.

மூன்றாவது, வேதத்தை விளக்கும் வரம் பட்டம் பெற்றோரிடம் மட்டும் தங்கியிருப்பதில்லை. ஷார்ப்பின் ஜெபக்கூட்டத்தைப் போன்றவை நம் சேகரங்களிலும் உள. அவற்றில் எழும் விளக்கத்தைத் திருத்துவதற்குமுன் செவிகொடுக்க நாம் பயிலவேண்டும். நிப் காலந்தாழ்த்தியேனும் செவிகொடுத்தார். அதனால் அவர் வாய்ச்சொல் நாடாளுமன்றம்வரை சென்றது.

இறையியல் மாணவர்களுக்கு ஒன்று கூறி அமைவோம். கிறிஸ்து பிறப்புக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஆலயம் பெரும்பாலும் வெறுமையாயிருக்கும். பிரசங்கம் பெரும்பாலும் மாணவரிடம் ஒப்புவிக்கப்படும். அந்நாளை எளியதென்று எண்ணற்க. மேய்ப்பர் திரும்பியதையும், சாஸ்திரிகள் வேறு வழியாய்ச் சென்றதையும், பெத்லகேமில் சிந்திய இரத்தத்தையும் ஒருங்கே எடுத்துரைப்பதற்கு ஏற்ற நாள் அதுவே. மறுநாள் காலையில் சபையார் வயலுக்கும் ஆலைக்கும் அலுவலகத்திற்கும் திரும்புவர். எவ்வழியாய், யாரிடம், எவ்வகை மாந்தராய்த் திரும்புகின்றனர் என்று அவர்களோடு சேர்ந்து சிந்திப்பது நம் ஊழியத்தின் நீங்காக் கடமையாகும்.